முப்பத்தெட்டு கிராம்

பகாவ் மார்க்கெட்டுக்குப் பின்வரிசையில் லோக் கடை.
ரைஸ் குக்கர், டார்ச் லைட், கரையான் மருந்து,
எல்லாவற்றுக்கும் மேல்தட்டில்
மூன்று ஹெலிகாப்டர் பெட்டிகள்.

"மகனுக்கா?" என்றார்.
"எனக்கு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
ஒழுங்காக விற்கத் தொடங்கினார்.

இது இரண்டு சேனல்.
ஏறும், இறங்கும், திரும்பும்,
முன்னே போவது அதன் இஷ்டம்.
அது நான்கு சேனல், மேலே ஒற்றை விசிறி, நல்ல அழகு.
"புது ஆளு கையில அரை மணி நேரம் லா. ஹபிஸ்."
நடுவில் இருந்தது மூன்று சேனல்:
ஒரே தண்டில் இரண்டு விசிறி,
ஒன்று வலம் சுற்ற மற்றது இடம் சுற்றும்,
அந்தச் சண்டையில் உடம்பு நேராக நிற்கும்.
வயிற்றுக்குள் கைரோ. மாற்று இறக்கை ஒரு ஜோடி இலவசம்.
எழுபத்தெட்டு வெள்ளி. எழுபதுக்குத் தந்தார்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு கிராம் என்றது பெட்டி.
செம்பனை ஆலை எடைமேடையில்
பதினொரு வருடமாய் லாரி நிறுப்பவள் நான்.
குலையோடு வரும்போது ஒருமுறை,
காலியாய்ப் போகும்போது ஒருமுறை,
கழித்தது போக மிச்சம் சீட்டில்.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
என் மேடை எடையென்று ஒப்புக்கொள்ளாது.
மழைக்கு ஒதுங்கிய பூனை
அதன் நட்டநடுவில் படுத்திருந்தாலும்
திரையில் பூஜ்யம்தான்.

வீட்டில் முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது.
அடுத்தது, திரைச்சீலையை இழுத்து மூடுவது.
மேற்குப் பார்த்த ஹால்;
ரிமோட் சொல்வதை வெயில் கேட்கவிடாது.
புழுக்கத்தில் நின்று
வேர்வை உதட்டில் கரிக்க
கட்டைவிரலை மெல்லத் தள்ளினேன்.
டைல்ஸ் தூசி வட்டமாய் விலகியது.
பிறகு தரைக்கும் அதற்கும் நடுவில்
ஒரு விரல் காற்று.

அப்புறம் நேரே போய் டிவியில் முட்டியது.

நாற்பது நிமிடம் சார்ஜ், ஏழு நிமிடம் பறப்பு.
எப்போதும் இடப்பக்கம் நழுவும்.
சின்னக் குமிழை வலப்பக்கம் ஒரு பல் திருப்பி,
இன்னொரு பல் திருப்பி,
நிற்க வைத்தேன்.
மூக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை சுகம்.
என்னைப் பார்க்கத் திரும்பிவிட்டால்
என் இடம் அதற்கு வலம்.
சாமிப் பட சீரியல் பல்பில் ஒருமுறை,
மிளகாய்த் தட்டில் ஒருமுறை.
வாலில் இப்போது செலோடேப்.

தோட்டத்து மேனேஜரிடம் ட்ரோன் இருக்கிறது,
மரம் எண்ணுவதற்கு.
இது எதையும் எண்ணாது.
எதற்கு வாங்கினாய் என்று கேட்டபோது
இதைத்தான் சொன்னேன். கேட்டது ஒருவர்தான்.

மாசிலாமணி. ஆறடி இரண்டங்குலம்.
கொதிகலனில் இரவு ஷிப்ட்.
"எழுவது வெள்ளி குடுத்து ஈ வாங்கியிருக்கா"
என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு
ஃபேன் இல்லாததற்கும் சேர்த்து முனகிவிட்டு
நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

ஒன்பதாம் நாள் அது
அலமாரி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
மேலிருந்து பார்த்தால் இது வேறு யாருடைய வீடோ:
டியூப் லைட் தலையில் பல்லி முட்டை ஓடு,
ஃபேன் இறக்கையின் முதுகில் கம்பளியாய்த் தூசி,
நாற்காலியில் அவர்,
அவர் உச்சந்தலையில்
சின்ன அப்பளம் அகலத்துக்கு
முடியில்லாத வட்டம்.

பதினாறு வருடம்
தோளுக்குக் கீழே நின்றே பேசியவள் நான்.
அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.
பல்பு மாற்றக்கூட
என்னை ஸ்டூலில் ஏறவிட்டதில்லை.

இறங்கவில்லை.
நைட்டிப் பையில் ரிமோட் இருந்தது.
சிவப்பு விளக்கு மினுங்கியது, சார்ஜ் தீரப்போகிறது.
அலமாரியிலிருந்து கிளப்பினேன்.
இடம். கொஞ்சம் வலம். மூக்கு அந்தப் பக்கம்.
விசிறிக் காற்றில் ஓரத்து முடிகள் படுத்தன.
தூக்கத்திலேயே கையைத் தூக்கி
ஈ ஓட்டினார்.

விரலை ஒரு மயிரிழை ஏற்றிப் பிடித்தேன்.
கைக்குச் சற்று மேலே
முப்பத்தெட்டு கிராமும்
அப்படியே நின்றது.